துணியை நனைச்சுப்போட்டு வெட்டுறதோ, வாங்கினபடியே வெட்டுறதோ?

போன வருசம் நல்லூர்த் தேருக்கு எண்டு மச்சாளுக்கு ஒரு பிளவுஸ் தைச்சுக் குடுத்தனான். மேல்துணி பொலியெஸ்ரர், உள்ளுக்கு வெள்ளைக் கொட்டன் லைனிங், அளவெல்லாம் அச்சொட்டா வந்திருந்தது, தேரண்டு போட்டுக்கொண்டு போய் நாலு பேர் "ஆர் தைச்சது" எண்டு கேட்டவையாம். அடுத்த கிழமை அதே பிளவுஸைச் சொப்பிங் பைக்குள்ளை சுருட்டிக்கொண்டு வந்து நிக்கிறா. "இது என்னடியப்பா, ஒருக்காத்தான் தோய்ச்சனான், அப்பளம் பொரிச்ச மாதிரிக் கிடக்கு." விரிச்சுப் பாத்தால் லைனிங் சுருங்கிப் போச்சு, மேல்துணி சுருங்கேல்லை, முதுகுப்பக்கம் முழுக்க பொங்கிப் பொங்கி நிக்குது, கீழ்மடிப்பிலை லைனிங் மேல்துணியைப் பிடிச்சு உள்ளுக்கு இழுத்துக்கொண்டிருக்கு. அயன் பெட்டியாலை எவ்வளவு அழுத்தியும் படியேல்லை. கத்தரிக்கோல் வைக்க முதல் செய்திருக்கவேண்டிய ஒரு வேலையை நான் அந்தரத்திலை செய்யாமல் விட்டதுதான் காரணம்.

புதுசா தையல் பழகிற தங்கச்சிமார் கனபேர் கேக்கிற கேள்வியும் இதுதான், எல்லாத் துணியையும் நனைக்கோணுமோ அக்கா எண்டு. சில பேர் ஓம், ஒண்டும் விடாமல் நனை எண்டுவினம். கடைக்கார அண்ணை "இது சுருங்காது பிள்ளை, நம்பி வெட்டு" எண்டுவார். ரெண்டையும் நான் அப்பிடியே எடுக்கமாட்டன். என்ரை கணக்கு என்னெண்டால், தைச்ச உடுப்பை நாளைக்கு எப்பிடித் தோய்க்கப் போறியளோ அப்பிடியே துணியை இண்டைக்குத் தோய்ச்சு எடுங்கோ, தோய்க்கவே போறதில்லை எண்டால் நனைக்கவும் வேண்டாம். முக்கால்வாசித் துணிக்கு இதோடை முடிவு வந்திடும். மிச்சக் கால்வாசிக்குத்தான் கீழை நான் மினக்கெட்டு எழுதுறது.

ஏன் சுருங்குது

தறியிலை பாவு நூலை, அதாவது துணியின்ரை நீளத்துக்கு ஓடுற நூலை, நல்லா இழுத்துப் பிடிச்சுத்தான் நெய்வினம், நெய்யேக்கை நூல் அறாமல் இருக்கக் கஞ்சியும் ஏத்துவினம், பிறகு சாயம் போட, பூ அடிக்க, காய வைக்க எண்டு உருளையளுக்குள்ளை கிடந்து இன்னும் இழுபடும், அந்த இழுவையோடையே சுத்திக் கட்டிக் கடைக்கு வந்திடும். நீங்கள் காசு குடுத்து வாங்கிற 2 யார், மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற 2 யார். தண்ணி பட்டவுடனை மூச்சை விட்டிடும். கொட்டன் நார் தண்ணியைக் குடிச்சு ஊதும், நூல் தடிக்கும், தடிச்ச நூலைச் சுத்தி வளைஞ்சு போக மற்ற நூலுக்குக் கூட நீளம் வேணும், அந்த நீளம் துணியின்ரை நீளத்திலையிருந்துதான் போகும். அதாலை அனேகமா கரையோடை ஓடுற நீளப்பக்கம் கூடச் சுருங்கும், அகலப்பக்கம் குறைய. கவுண் இடுப்பிலை சரியா இருக்க நீளம் மட்டும் முழங்காலுக்கு மேலை ஏறிப்போறது இதாலைதான், பிள்ளை வளந்திட்டுது எண்டு நினைச்சுக்கொண்டிருப்பம்.

சாதாரண கொட்டன், பொப்லின், சீத்தை, வொயில் உதுகள் பொதுவா 3 தொடக்கம் 5 வீதம் சுருங்கும். 5 வீதம் ஒரு பெரிய விசயமோ எண்டு நினைப்பியள். ஒரு யாருக்கு 36 இஞ்சி, அதிலை 5 வீதம் 1.8 இஞ்சி. 40 இஞ்சியிலை தைச்ச ரவுசர் 38க்கு வந்து கணுக்கால் தெரிய நிக்கும். லினனும் கிட்டத்தட்ட அப்பிடித்தான். ரேயோன், சிலர் விஸ்கோஸ் எண்டுவினம், அது இன்னும் கூடச் சுருங்கும், ஈரத்திலை பலமும் குறைஞ்சிடும், முறுக்கிப் பிழிஞ்சால் கதை முடிஞ்சுது. பிளனல், நெருக்கமில்லாமல் நெய்த கைத்தறி, ரீ-சேட் துணி எல்லாம் கொட்டனை விடக் கூட. பொலியெஸ்ரரும் நைலோனும் அவ்வளவாத் தண்ணியைக் குடியாது, அதாலை சுருங்கிறது எண்ட பேச்சு பெரிசா இல்லை.

பழைய சேட்டுத் துணியளின்ரை கரையிலை சிலவேளை சான்ஃபரைஸ்ட் எண்டு அடிச்சுக் கிடக்கும். அமெரிக்காவிலை சான்ஃபோர்ட் குளூற் எண்டவர் 1930 அளவிலை கொண்டுவந்த முறை அது, துணியை ஈரமாக்கி ரப்பர்ப் பட்டியோடை சேத்து நெருக்கி மெஷினிலையே முதலே சுருக்கி விடுறது. அப்பிடிச் சுருக்கின துணி பிறகு 1 வீதத்துக்குள்ளைதான் சுருங்கும். நல்ல சேட்டுத் துணி கனக்க இப்பிடித்தான் வருது, அதாலைதான் கடைக்கார அண்ணை சொல்லுறது சிலவேளை உண்மையாவும் இருக்கும், எது உண்மை எண்டு அவருக்கும் தெரியாது எங்களுக்கும் தெரியாது எண்டதுதான் கரைச்சல்.

நனைக்கிறதோ இல்லையோ

முதல் கேள்வி சொல்லிட்டன், இது எப்பவாவது தண்ணி காணுமோ. கலியாணத்துப் பட்டு பிளவுஸ், வெல்வெற், சரிகை போட்ட துணி, கோட் தைக்கிற கம்பளித்துணி, இதெல்லாம் ட்றை கிளீனிங்குக்குத்தான் போகும், இதுகளைக் கொண்டுபோய் வாளிக்குள்ளை அமத்திப் போட்டு என்னைப் பேசாதேங்கோ. பட்டிலை தண்ணி பட்ட இடம் கறை மாதிரித் திட்டுத் திட்டா நிக்கும், வெல்வெற்றின்ரை மயிர் படுத்திட்டால் எழும்பாது. கம்பளிக்கு மட்டும் ஈரத்துணி ஒண்டை மேலை போட்டு அயன் பெட்டியைத் தூக்கித் தூக்கி வைச்சு ஆவி காட்டி எடுக்கலாம், அது காணும்.

ரெண்டாவது, இது என்ன நூல். கடையிலை கொட்டன் எண்டு தாறதிலை கலப்பும் இருக்கும். தெரியாட்டி ஓரத்திலை ரெண்டு மூண்டு நூலை உருவி, தண்ணி ஊத்தின பீங்கானுக்கு மேலை இடுக்கியாலை பிடிச்சுக் கொளுத்திப் பாருங்கோ (பிள்ளையள் பக்கத்திலை நிக்கேக்கை வேண்டாம்). கொட்டன் கடுதாசி எரியிற மாதிரி எரிஞ்சு, தொட்டால் பொடியிற சாம்பலாப் போகும், மணமும் கடுதாசி மணம்தான். பொலியெஸ்ரர் உருகிச் சுருண்டு கறுத்த மணி மாதிரி இறுகும், நகத்தாலை நசிச்சால் நசியாது, அது ஆற முதல் தொட்டுப்போடாதேங்கோ. சாம்பலும் மணியும் சேந்து வந்தால் கலப்பு. ரேயோனும் கொட்டன் மாதிரித்தான் எரியும், ரெண்டையும் நெருப்பு பிரிச்சுக் காட்டாது, ஆனால் ரெண்டையுமே நனைக்கத்தான் போறம், அதாலை பிரச்சினை இல்லை.

மூண்டாவது கேள்விதான் முக்கியம், கனபேர் விடுற இடமும் இதுதான். ஒரு உடுப்புக்குள்ளை ரெண்டு விதமான துணி சேருதோ? தனிய ஒரே துணியிலை தைச்ச சட்டை சுருங்கினால் சட்டை சின்னனாகும், அவ்வளவுதான், தங்கச்சிக்காவது குடுக்கலாம். ரெண்டு துணி சேந்து ஒண்டு சுருங்கி மற்றது சுருங்காட்டி உடுப்பே கோணலாப் போகும், அதை ஒருத்தருக்கும் குடுக்கேலாது. பிளவுஸுக்கு லைனிங், கொலர் விறைப்பா நிக்க உள்ளுக்கு வைக்கிற கன்வஸ், பாவாடைக்கு நாடா, கொட்டன் லேஸ், பைப்பிங்குக்கு உள்ளை வைக்கிற கயிறு, எல்லாம் இந்தக் கணக்குத்தான். பிளவுஸ் லைனிங்கை மட்டும், மேல்துணி என்னவா இருந்தாலும், நான் இப்ப ரெண்டு தரம் நனைச்சுக் காயவிட்டுத்தான் வெட்டுறன். மச்சாளின்ரை பிளவுஸிலை லைனிங்கை முழுக்க உரிச்சுக் கழட்டிப் புதுசா வைக்க எனக்கு ஒரு முழுப் பின்னேரம் போச்சு, தைக்கப் போன நேரத்தை விடக் கூட. லைனிங் துணியின்ரை விலை என்ன, நனைக்கிறதுக்குப் போற நேரம் என்ன, நினைச்சால் என்னிலைதான் எனக்குக் கோபம் வந்தது.

ஒட்டுற கன்வஸ் எண்டால் கவனம். அதிலை ஒரு பக்கம் பசைப்புள்ளி இருக்கும், வாளியிலை போட்டுக் கசக்கப்படாது. இளஞ்சூட்டுத் தண்ணியிலை ஒரு 15, 20 நிமிசம் சும்மா கிடக்கவிட்டு, பிழியாமல் தூக்கி, கொடியிலை போட்டுச் சொட்டவிடுங்கோ, காயவைக்க எண்டு அயன் பிடிக்கவே கூடாது, பிடிச்சால் பலகையிலை ஒட்டிக்கொண்டு நிக்கும்.

வெள்ளையும் சிவப்பும், வெள்ளையும் கடும்நீலமும் சேத்துத் தைக்கிறதெண்டால் கேள்வியே வேண்டாம், சாயம் போகுதோ எண்டு பாக்காமல் வெட்டவே வெட்டாதேங்கோ. மருதமுனைக் கைத்தறி, பற்றிக், டெனிம் உதுகளும் அப்பிடித்தான்.

ஒரு துண்டு வெட்டிப் பாக்கிறது

விலை கூடின துணி, இல்லாட்டி ஒரு யாருக்கும் கூட மிச்சமில்லாமல் மட்டுமட்டா வாங்கின துணி எண்டால், முழுத்துணியையும் தண்ணியிலை போட முதல் ஒரு துண்டிலை பாருங்கோ. கரையிலையிருந்து ஒரு 2 இஞ்சி தள்ளி (கரை வேற மாதிரிச் சுருங்கும், அதை நம்பேலாது) ஒரு 25 சென்ரிமீற்றர்ச் சதுரம் வெட்டி, அதுக்குள்ளை 20க்கு 20 சதுரம் ஒண்டைக் கலர் நூலாலை இழை ஓடி விடுங்கோ. பேனையாலை கீறினால் தோய்க்கேக்கை போயிடும், எனக்குப் போனது. நீளப்பக்கம் எது எண்டு ஒரு முடிச்சுப் போட்டு அடையாளம் வையுங்கோ, இல்லாட்டி காய்ஞ்சாப்பிறகு எது எது எண்டு முழிச்சுக்கொண்டு நிப்பியள்.

அதை ஒரு கோப்பைக்குள்ளை இளஞ்சூட்டுத் தண்ணியிலை போட்டுப் பாத்துக்கொண்டிருங்கோ. முதல் அது தண்ணியிலை மிதக்கும், கஞ்சி ஏறின துணி சட்டெண்டு நனையாது, பிறகு ஒரு மூலை கறுத்து, அப்பிடியே படிப்படியா அமிழும். கொஞ்ச நேரத்திலை தண்ணி பால் மாதிரிக் கலங்கினால் அது கஞ்சி, பயப்பிட ஒண்டுமில்லை. கலர் இறங்கினால் அதுவும் இப்பவே தெரியும். அரை மணித்தியாலம் விட்டு, வழமையாத் தோய்க்கிற மாதிரி சோப் போட்டு அலசி, காயவிட்டு, அயன் பண்ணி அளவுங்கோ. நீளம் 20 இருந்தது 19 எண்டால் 5 வீதம். அகலம் 19.6 எண்டால் 2 வீதம். ரெண்டரை மீற்றர் துணி எண்டால் நீளத்திலை 12.5 சென்ரிமீற்றர் போகும், கிட்டத்தட்ட 5 இஞ்சி அது! அப்ப துணி காணுமோ எண்டு வெட்ட முதலே தெரிஞ்சிடும், காணாட்டி கடைக்குத் திரும்பப் போகலாம், அந்தச் சுருள் முடிய முதல். 1 வீதமோ அதுக்குக் குறையவோ எண்டால் நான் முழுத்துணியை நனைக்காமல் ஆவி காட்டி அயன் பண்ணிப்போட்டு வெட்டிடுவன்.

சுருங்கிற அளவைக் கூட்டி வெட்டினால் என்ன, ஏன் நனைச்சு மினக்கெடுவான் எண்டு சிலர் கேப்பினம். தலையணை உறைக்குச் செய்யலாம், பிளவுஸுக்குச் சரிவராது, நீளம் ஒரு மாதிரி அகலம் ஒரு மாதிரிச் சுருங்கேக்கை கைவெட்டு வளைவு எப்பிடி வரும் எண்டு ஆரும் கணக்குப் பாக்கேலாது.

சாயத்துக்கு, அதே துண்டு ஈரமா இருக்கேக்கை ஒரு வெள்ளைத்துணிக்கு நடுவிலை மடிச்சு வைச்சு மேலாலை அயன் பண்ணுங்கோ. வெள்ளையிலை கலர் பதிஞ்சால் இன்னும் போகுது. திரும்ப அலசி, திரும்ப அயன் பண்ணி, பதியாமல் வாற வரைக்கும். மூண்டு நாலு தரம் செய்தும் நிக்காட்டி அந்தத் துணியைத் தனியத் தைச்சுப் போடுங்கோ, வெள்ளையோடை சேக்காதேங்கோ. உப்பும் வினாகிரியும் போட்டு ஊறவிட்டால் சாயம் நிக்கும் எண்டு அம்மாக்கள் சொல்லுவினம், எங்கடை அம்மாவும் சொல்லுறவா, நானும் எத்தினை போத்தல் வினாகிரி ஊத்தியிருப்பன். சாயம் ஏத்தேக்கை நூலுக்குள்ளை சாயத்தை இழுக்கத்தான் உப்புப் போடுறது, ஏத்தி முடிஞ்சு கடைக்கு வந்த கொட்டனிலை மிச்சச் சாயத்தை அது கட்டிப்போடாது. மிச்சமா ஒட்டியிருக்கிற சாயம் அலசி அலசித்தான் போகோணும்.

தோய்க்கிற முறை

வெட்டின ரெண்டு ஓரத்தையும் முதல் பாருங்கோ. அப்பிடியே போட்டால் நூல் பிரிஞ்சு பிரிஞ்சு, கடைசியிலை சிக்குப்பட்ட நூல்பந்து ஒண்டுதான் கையிலை வரும், வெட்டி எறியேக்கை ஒரு இஞ்சி துணியும் சேந்து போகும். ஓவர்லொக் இருந்தால் ஓடி விடுங்கோ, இல்லாட்டி சிக்சாக், அதுவும் இல்லாத பழைய கறுத்த சிங்கர் மெஷின் எண்டால் ரெண்டு ஓரத்தையும் ஒண்டா வைச்சு நீட்டுத் தையல் ஒண்டு ஓடிக் குழாய் மாதிரி ஆக்கிவிடுங்கோ. மூலையளைச் சரிவா ஒரு துளி வெட்டிவிட்டாலும் நூல் பிரியிறது நல்லாக் குறையும்.

துணியைக் கட்டா மடிச்சபடி தண்ணியிலை போடாதேங்கோ, கடும்கலர்த் துணியிலை அந்த மடிப்புக் கோடு வெள்ளையா நிக்கும், பிறகு போகாது. டெனிமிலை இது கட்டாயம் வரும். விரிச்சு, தளர்வா, பெரிய வாளி ஒண்டுக்குள்ளை. சுடுதண்ணியோ பச்சைத்தண்ணியோ எண்டு கேட்டால் திரும்பவும் அதே கதைதான், நாளைக்கு எதிலை தோய்ப்பியளோ அதிலை. எங்கடை ஊரிலை அனேகமா கிணத்துத் தண்ணிதான், மெஷினிலை போடுறவை மெஷினிலை போடுங்கோ. கொட்டன் ரீ-சேட் துணியும் பிளனலும் ஒரு தரத்திலை சுருங்கி முடியாது, ரெண்டு தரம்.

எங்கடை தண்ணியைப் பற்றி ஒண்டு சொல்லோணும். யாழ்ப்பாணம் முழுக்க அடியிலை சுண்ணாம்புக்கல்லு, கிணத்துத் தண்ணி வைரமான தண்ணி, கேத்திலுக்குள்ளை வெள்ளையாப் படியிறது எல்லாருக்கும் தெரியும்தானே. அந்தத் தண்ணியிலை சோப் நுரைக்காது, நுரைக்காத சோப் சுண்ணாம்போடை சேந்து வெள்ளைப் படையாத் துணியிலை ஒட்டும், கறுப்பு, நாவல்கலர் துணி காய்ஞ்சாப்பிறகு மா பூசின மாதிரித் தெரியும். துணி பழுதில்லை அது. கட்டிச்சோப்பை விட்டிட்டு சலவைத்தூள் கொஞ்சமாப் போட்டு, ரெண்டு மூண்டு தண்ணியிலை வடிவா அலசினால் சரி. உவர்க்கிணறு உள்ள ஆக்கள் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணி பாருங்கோ, கனவாசனைத் துணிமிருதுவாக்கி எல்லாம் இப்ப வேண்டாம், கன்வஸ் ஒட்டுறது அதாலை சரியாப் பிடியாது.

முறுக்காமல் உருட்டிப் பிழிஞ்சு, நேராக் கொடியிலை போடுங்கோ. கலர்த்துணி நிழலிலை, எங்கடை பங்குனி சித்திரை வெயிலிலை ஒரு மத்தியானம் போதும் மடிப்பின்ரை மேல்பக்கம் வெளிறிப்போக. குறுக்கா மூலையிலை பிடிச்சுத் தூக்கிப் போட்டால் துணி கோணி இழுபடும். முழுக்கக் காயவிடாதேங்கோ, கையை வைச்சால் குளிர் தெரியிற அளவு ஈரம் இருக்கேக்கை எடுத்து அயன் பண்ணுங்கோ, பெட்டியைப் பாவு நூல் போற பக்கத்துக்கு அழுத்தி அழுத்தி, இழுத்து உரசாமல். இழுத்தீங்கள் எண்டால் சுருக்கி எடுத்ததை நீங்களே திரும்ப நீட்டி விட்டமாதிரி, பிறகு ஏன் இவ்வளவும் செய்தனாங்கள்.

பிறகு கரையையும் கரையையும் சேத்து மடிச்சுப் பிடிச்சுப் பாருங்கோ, துணி தொங்குற இடம் நேரா இருக்கோணும். முறுகி நிண்டால் ஓரத்திலை ஒரு குறுக்கு நூலை உருவி, அந்தக் கோட்டிலை வெட்டி நேராக்கிப்போட்டு வெட்டத் தொடங்குங்கோ.

பள்ளிக்கூட வெள்ளைத் துணி பற்றியும் கேப்பியள். அரசாங்கம் தாற சீருடைத் துணியோ கடையிலை வாங்கினதோ, கலப்பா இருந்தால் அவ்வளவு சுருங்காது, ஆனால் கிழமையிலை அஞ்சு நாள் போட்டுத் தோய்க்கிற உடுப்பு எண்டதாலை நான் ஒருக்கா நனைச்சுத்தான் வெட்டுறனான். கீழ்மடிப்பும் 3 இஞ்சி விடுவன், அது சுருங்கிறதுக்கு இல்லை, பிள்ளை வளரும் எண்டு. பொலியெஸ்ரர்த் திரைச்சீலை, சந்தைக்குக் கொண்டுபோற துணிப்பை, துடைக்கிற துணி உதுகளுக்கு நான் நனைக்கிறதே இல்லை, சுருங்கினால் சுருங்கட்டும். சின்னச் சின்னச் சதுரமா வெட்டி விக்கிற ஒட்டுத்துணித் துண்டுகளையும் நனைக்கப்படாது, பிரிஞ்சு அளவெல்லாம் மாறிப்போகும், ஒண்டில் எல்லாத் துண்டும் நனையாமல் தைக்கிறது, இல்லாட்டி முழுத்துணியா வாங்கி எல்லாத்தையும் நனைக்கிறது, பாதி பாதி வேண்டாம்.

கடைசியா, அலுமாரிக்குள்ளை துணி சேக்கிற ஆக்களுக்கு. ஆறு மாதம் கழிச்சு எடுக்கேக்கை இதை நனைச்சனானோ இல்லையோ எண்டு ஞாபகம் வராது, மணந்து பாத்தும் தெரியாது. நான் மூலையைச் சரிவா வெட்டிவிடுறன் எண்டு மேலை சொன்னனே, அதையே அடையாளமா வைச்சிருக்கிறன். மூலை வெட்டிக் கிடந்தால் நனைச்சது, உடனை வெட்டத் தொடங்கலாம். மூலை கூரா இருந்தால் வாளியைத் தேடுங்கோ.